வாசகரை வழியனுப்பும் பணம்: அறிவியல் புனைகதை ரசிகர் நிதிகள் பற்றி ஒரு மதிப்பீடு

அறிவியல் புனைகதை மாநாடுகளுக்குச் செல்ல விரும்பியும் கையில் பணமில்லாத ரசிகர்களை அனுப்பி வைப்பதற்காக, ரசிகர்களே தங்களுக்குள் பணம் திரட்டி நடத்தும் நிதிகள் சில உலகில் உள்ளன. அவற்றில் மூத்தது எழுபது வயதைக் கடந்துவிட்டது. ஆனாலும் சிங்கப்பூரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிவியல் புனைகதை படிக்கிற நண்பர்களிடம் பேசும்போது, இப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. ஒரு கடையையோ உணவகத்தையோ மதிப்பிடுவதுபோல இந்த நிதிகளையும் ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, அவை யாருக்கு எதைத் தருகின்றன, பதிலுக்கு எதைக் கேட்கின்றன, இங்கிருந்து விண்ணப்பிக்கும் ஒருவருக்கு அவற்றால் என்ன பயன் என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் தேவை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வேர்ல்ட்கான் எனப்படும் உலக அறிவியல் புனைகதை மாநாடு 1939இல் நியூயார்க்கில் தொடங்கியது. அதன் வரலாற்றில் ஆசியக் கண்டத்துக்கு வந்தது இரண்டே முறை, 2007இல் யோகோஹாமாவுக்கும் 2023இல் செங்டுவுக்கும். ஆஸ்திரேலியாவில் 1975, 1985, 1999, 2010 ஆகிய ஆண்டுகளில் நடந்த நான்கு மாநாடுகளும் மெல்பர்னில்தான் நடந்தன. மற்றபடி பெரும்பாலான ஆண்டுகளில் வட அமெரிக்கா, இடையிடையே ஐரோப்பா. பெரியவர் ஒருவர் நேரில் கலந்துகொள்ள நுழைவுக்கட்டணம் மட்டுமே இருநூறு அமெரிக்க டாலரை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவுக்கு விமானச் சீட்டு, மாநாட்டு விடுதியில் ஐந்து இரவுகள், சாப்பாடு என்று கூட்டிக்கொண்டே போனால், இங்கே நடுத்தர வருமானத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர் வீட்டில் பேச்செடுக்கவே தயங்கும் தொகை வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. சிங்கப்பூரில் எழுத்தாளராக இருந்தால், கலைஞராக இருந்தால், தேசியக் கலைகள் மன்றத்தின் மானியங்களை நாடலாம். படிப்பவராக, படித்ததைப் பேசுபவராக, சிறு இதழ் நடத்துபவராக, கூட்டங்களில் நாற்காலி எடுத்துப் போடுபவராக மட்டும் இருக்கும் ஒருவரை வெளிநாட்டு இலக்கிய மாநாட்டுக்கு அனுப்ப எந்த மானியமும் என் கண்ணில் பட்டதில்லை. ரசிகர் நிதிகளை நான் இவ்வளவு மதிப்பதற்கு இதுவே முதற்காரணம். இலக்கியத்தில் வாசகரும் ஒரு தரப்பு, அவரும் பயணம் செய்ய வேண்டும், அவருடைய பயணமும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட அமைப்புகள் இவை.

மூத்த நிதியிலிருந்து தொடங்குகிறேன். டிரான்ஸ் அட்லாண்டிக் ஃபேன் ஃபண்ட், சுருக்கமாக டாஃப், 1953இல் நிறுவப்பட்டது. அதற்கு முன்பே 1949இல் அமெரிக்க ரசிகர் ஃபாரஸ்ட் அக்கர்மன் முன்னின்று நடத்திய ஒரு வசூல், பிரிட்டிஷ் இதழாசிரியர் டெட் கார்னலைச் சின்சினாட்டி மாநாட்டுக்கு அழைத்துச் சென்றிருந்தது. ஆனால் டாஃப் பிறக்க நேரடிக் காரணமாக இருந்தவர் பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த வால்ட் வில்லிஸ். வட அயர்லாந்தில் அரசு ஊழியராக இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சடித்து ஒரு ரசிகர் இதழை நடத்தியவர் அவர். அந்த இதழைப் படித்து மகிழ்ந்த ஃபுளோரிடா ரசிகர் ஷெல்பி விக், இவரை எப்படியாவது அமெரிக்காவுக்கு வரவழைத்துவிட வேண்டும் என்று பணம் திரட்டத் தொடங்கினார். 1952இல் சிகாகோவில் நடந்த வேர்ல்ட்கானுக்கு வில்லிஸ் போய்ச் சேர்ந்தார். ஒருவருக்குக் கிடைத்த இந்த வாய்ப்பு ஆண்டுதோறும் மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் நிலையான நிதி உருவானது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட வின்சென்ட் கிளார்க்கால் போக முடியாமல் போகவே, டாஃப் பணத்தில் உண்மையில் கடல் கடந்த முதல் ரசிகர் 1955இல் கிளீவ்லாந்து மாநாட்டுக்குச் சென்ற கென் பல்மர்.

நிதி இயங்கும் முறை எளிது, ஆனால் நுட்பமாக யோசித்து அமைக்கப்பட்டது. ஒரு முறை ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வட அமெரிக்காவுக்கு, அடுத்த முறை அங்கிருந்து ஒருவர் ஐரோப்பாவுக்கு என்று மாறி மாறிச் செல்கிறார்கள். யார் போவது என்பதை ரசிகர்களின் வாக்கே முடிவு செய்கிறது. போட்டியிடுபவரைச் சொந்தக் கரையிலிருந்து மூவரும் எதிர்க்கரையிலிருந்து இருவரும் முன்மொழிய வேண்டும். தாம் ஏன் போக வேண்டும் என்பதை வேட்பாளர் 101 சொற்களுக்குள் எழுதித் தர வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டால் கட்டாயம் பயணம் செய்வேன் என்பதற்கு ஒரு சிறு தொகையைப் பிணையாகக் கட்ட வேண்டும். வாக்களிப்பவர் ஒவ்வொருவரும் குறைந்தபட்ச நன்கொடை ஒன்றைச் செலுத்துகிறார். நான் பார்த்த வாக்குச்சீட்டுகளில் அது மூன்று பவுண்டாக இருந்தது. நம் கணக்கில் ஐந்து சிங்கப்பூர் வெள்ளிச் சொச்சம். அதற்கு மேல் கொடுப்பது அவரவர் விருப்பம். எவ்வளவு கொடுத்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான்.

அந்த வாக்குச்சீட்டைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் நிதியின் குணம் முழுவதும் அதில் தெரிகிறது. வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று எண்ணிட வேண்டும். வேட்பாளர்களின் பெயர்களுக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கும்: யாரையும் அனுப்ப வேண்டாம், பணத்தை அடுத்த முறைக்கு வைத்திருங்கள் என்று பொருள்படும் தேர்வு அது. தங்கள் பணத்தை யாருக்காவது கொடுத்தே தீர வேண்டும் என்ற அவசரம் இவர்களுக்கு இல்லை என்பதை அந்த ஒரு வரி காட்டுகிறது. வெற்றி பெறுபவர் இரு கரைகளிலும் முதல் விருப்ப வாக்குகளில் குறைந்தது 20 சதவீதம் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. சொந்த ஊரில் கூட்டம் சேர்த்து மட்டும் ஜெயித்துவிட முடியாது. விருந்தினராக ஏற்றுக்கொள்ளப் போகிறவர்களும் அவரை விரும்ப வேண்டும். விருந்தோம்பலை விதியாக எழுதி வைத்த ஒரு தேர்தல் முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வென்றவர் பயணம் முடிந்து ஊர் திரும்பியதும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. தம் கரையின் நிர்வாகியாக அவரே பொறுப்பேற்று, அடுத்தவரை அனுப்பப் பணம் திரட்ட வேண்டும், தேர்தல் நடத்த வேண்டும். நம் ஊர்க் கல்யாணங்களில் எழுதும் மொய் நோட்டைப்போல, வாங்கியவர் திருப்பிச் செய்தாக வேண்டும். ஆனால் தந்தவருக்குத் திருப்பித் தருவதில்லை, வரிசையில் அடுத்து நிற்கும் முகம் தெரியாத ஒருவருக்குத் தருகிறார். அத்துடன் பயண அறிக்கை ஒன்றையும் எழுதி வெளியிட வேண்டும் என்பது மரபு. அந்த அறிக்கை விற்று வரும் பணமும் நிதிக்கே போகிறது.

இந்தப் பயண அறிக்கைகள்தான், என் பார்வையில், டாஃப் உலகத்துக்குத் தந்திருக்கும் மிகப் பெரிய கொடை. பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டவை மின்னூல்களாக நிதியின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. விரும்பினால் நன்கொடை செலுத்தலாம். இவற்றைத் தொகுத்து வெளியிடும் பணியில் முன்னிற்பவர் டேவிட் லாங்ஃபோர்ட். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுகளை வேறெவரையும்விட அதிகமாக, 29 முறை, பெற்ற இவரும் ஒரு காலத்தில், 1980இல், டாஃப் வாக்காளர்களால் பாஸ்டன் மாநாட்டுக்கு அனுப்பப்பட்டவர்தான். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு காசும் செலவழிக்காமல் நாம் இந்த நிதியிடமிருந்து பெறக்கூடிய பயன் இது. ஒரு வெளியூர்க்காரர் முன்பின் பார்த்திராத, கடிதத்தில் மட்டும் பழகிய நண்பர்களின் வீட்டுத் திண்ணையிலும் சோபாவிலும் படுத்துறங்கி, அவர்களுடைய புத்தக அலமாரிகளை மேய்ந்து, விடிய விடியப் பேசிவிட்டு ஊர் திரும்பும் கதையைப் படிக்கும்போது, மாநாட்டின் மேடை நிகழ்ச்சிகளைக் காட்டிலும் இந்தச் சந்திப்புகளுக்காகவே பணம் திரட்டியிருக்கிறார்கள் என்பது புரியும்.

எல்லோரும் எழுதி முடித்தார்களா என்றால், இல்லை. தொடங்கிய அறிக்கை பாதியில் நின்றதும், பயணம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து வெளிவந்ததும், வெளிவராமலேயே போனதும் உண்டு. அறிக்கை எழுதி முடித்தால் நிதிக்கு 500 டாலர் தருவதாகத் தெற்குக் கலிஃபோர்னியாவின் ரசிகர் அமைப்பு ஒன்று ஊக்கத்தொகை அறிவிக்க வேண்டிய அளவுக்கு இது பழைய பிரச்சினை. என்றாலும் இதை நிதியின் குற்றமாக நான் எழுத மாட்டேன். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே நூறு பக்கம் எழுதுவது எவ்வளவு கடினம் என்பது எழுத முயன்ற யாருக்கும் தெரியும். கட்டாயப்படுத்தாமல் நினைவூட்டிக்கொண்டே இருக்கும் அந்த அணுகுமுறைதான் நட்பின் அடிப்படையில் நடக்கும் ஓர் அமைப்புக்குப் பொருத்தமானது. தேர்தல் என்று வந்தால் மனக்கசப்பும் வரும். 1980களின் நடுவில் டாஃப் தேர்தல் ஒன்றை ஒட்டி எழுந்த சச்சரவு ரசிகர் வட்டாரத்தையே பல மாதங்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. அதையும் தாண்டி நிதி நிலைத்திருக்கிறது.

இனி நமக்கு இதில் இடம் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். வேட்பாளராக இடமில்லை. டாஃப் அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்குமானது. 1972இல் தொடங்கிய டவுன் அண்டர் ஃபேன் ஃபண்ட் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளையும் வட அமெரிக்காவையும் இணைக்கிறது. 1979இல் பிரைட்டன் வேர்ல்ட்கானுக்கு ஆஸ்திரேலியரான ஜான் ஃபாய்ஸ்டரை அனுப்பித் தொடங்கிய கஃப் நிதி, ஆஸ்திரேலியப் பக்கத்தை ஐரோப்பாவுடன் இணைக்கிறது. வரைபடத்தை விரித்துப் பார்த்தால், சிட்னியிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் கஃப் பயணி சாங்கியில் இறங்கி விமானம் மாறக்கூடும். ஆனால் சாங்கியில் குடியிருப்பவர் அந்தப் பயணியாக முடியாது. தென்கிழக்கு ஆசியாவும் தெற்கு ஆசியாவும் இந்த மூன்று நிதிகளின் கோடுகளுக்கும் வெளியே நிற்கின்றன.

வாக்களிப்பதிலும் ஒரு நெளிவு இருக்கிறது. நிர்வாகிகளுக்கு உங்கள் பெயர் தெரியாமலிருக்கும் என்று நினைத்தால், உங்களை அறிந்த ரசிகர் ஒருவரின் பெயரை எழுதுங்கள் என்று வாக்குச்சீட்டு கேட்கிறது. கள்ள வாக்கைத் தடுக்க ஏற்பட்ட நியாயமான ஏற்பாடுதான் இது. ஆனால் தமிழ்ச் சிறுபத்திரிகைகளிலும் வாசகர் கூட்டங்களிலும் பல ஆண்டுகள் உழைத்த ஒருவரை அந்த வட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இது யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. முகம் அறிந்தவர்கள் முகம் அறிந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் வெளியே இருப்பவர் வெளியிலேயே இருந்துவிடுவார். எழுபது ஆண்டுகளாக நல்லெண்ணத்துடன் நடந்துவரும் ஓர் அமைப்பிலும் இந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது மரியாதையாகாது.

ஆசியாவுக்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு, அதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1957இல் ஜப்பானில் அறிவியல் புனைகதைக்கான ரசிகர் இதழைத் தொடங்கி, பின்னாளில் எழுத்தாளர்களான பலருக்கு முதல் மேடை அமைத்துத் தந்தவர் தக்குமி ஷிபானோ. அவரை 1968இல் கலிஃபோர்னியாவில் நடந்த வேர்ல்ட்கானுக்கு அழைத்து வருவதற்காகவே டிரான்ஸ் ஓஷியானிக் ஃபேன் ஃபண்ட் என்ற பெயரில் அமெரிக்க ரசிகர்கள் பணம் சேர்த்தார்கள். நிலையான நிதி வேண்டும், விதிமுறைப் புத்தகம் வேண்டும், இரு கரைகளிலும் நிர்வாகிகள் வேண்டும் என்று காத்திருக்காமல், இந்த மனிதர் வர வேண்டும், இந்த மாநாட்டுக்கு வர வேண்டும் என்று ஒரே குறிக்கோளுடன் நடந்த வசூல் அது. 1975இல் அமெரிக்க ரசிகர் பாப் டக்கரை மெல்பர்ன் வேர்ல்ட்கானுக்கு அனுப்பியதும் இப்படிப்பட்ட ஒற்றை நோக்க நிதிதான். என்னைக் கேட்டால், சிறு வட்டங்களுக்கு மிகவும் உகந்த வடிவம் இதுதான். வேலை முடிந்ததும் கலைந்துவிடலாம். பொறுப்பு பல ஆண்டுகள் ஒருவர் தலையில் உட்கார்ந்திருக்காது.

சிங்கப்பூரில் இருந்து நேரடியாக விண்ணப்பிக்கக்கூடிய நிதி கான் ஆர் பஸ்ட். 2009இல் அறிவியல் புனைகதை உலகில் இனப் பாகுபாடு குறித்து நீண்ட, கசப்பான விவாதம் நடந்தது. அதன் தொடர்ச்சியாக, வெள்ளையரல்லாத ரசிகர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில் நடந்துவந்த விஸ்கான் மாநாட்டுக்குச் செல்ல உதவும் பொருட்டு ரசிகர் கேட் நெப்வியூ தொடங்கியது இது. தொடக்கக் காலத்தில், அறிவியல் புனைகதையில் வெள்ளையரல்லாதவர்களின் இடத்துக்காக 1999இல் நிறுவப்பட்ட கார்ல் பிராண்டன் சொசைட்டியின் குடையின்கீழ் இயங்கியது. ஆண்டுதோறும் புத்தகங்கள், கைவினைப் பொருட்கள், எழுத்தாளர் கையெழுத்திட்ட பிரதிகள் போன்றவற்றை ஏலம் விட்டுப் பணம் திரட்டியது. பிறகு தனி அமைப்பாகி, இப்போது டிரீம் ஃபவுண்டரி என்ற லாப நோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

டாஃபுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. இங்கே தேர்தல் இல்லை, முன்மொழிபவர் தேவையில்லை, 101 சொற்களில் தன்னைப் பற்றிப் பெருமையாக எழுத வேண்டியதில்லை. ரசிகர் வட்டாரத்தில் உங்களை யாருக்குத் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் வாசலைத் திறந்து வைக்கிறது. சில மாநாடுகள் தங்கள் நுழைவு உரிமைகளில் ஒரு பகுதியை இந்த நிதிக்கு நன்கொடையாக ஒதுக்கித் தருவதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் கட்டணச் சுமை முழுவதுமாக இறங்கிவிடும். பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு என எதற்கு உதவி வேண்டும் என்று கேட்பவரே சொல்லலாம் என்பதும் எனக்குப் பிடித்த அம்சம். ஏழை ரசிகருக்கு விமானச் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு விடுதிச் சாப்பாட்டுக்கு அவர் என்ன செய்வார் என்று யோசிக்காத உதவி அரை உதவிதான்.

குறை என்றால், பணத்தின் அளவுதான். சிகாகோவிலிருந்து மேடிசனுக்குப் பேருந்தில் போகிறவருக்குப் போதுமான உதவித்தொகை, சிங்கப்பூரிலிருந்து பசிபிக்கைக் கடக்க வேண்டியவருக்கு ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். எனவே கான் ஆர் பஸ்ட் மட்டுமே போதும் என்று நம்பிக் கிளம்பக் கூடாது. கையிருப்புடன் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இன்னொரு வகையில் பார்த்தால், டாஃப் தன் பயணிகளிடம் கேட்கும் அந்தக் கடமை, அதாவது எழுதித் தருவதும் அடுத்தவருக்காக உழைப்பதும், இங்கே இல்லை. உதவி பெறுபவரை எந்தச் சுமையும் இல்லாமல் அனுப்பி வைக்க வேண்டும் என்ற எண்ணம் உயர்ந்ததே. ஆனாலும் எத்தனையோ முதல் பயணங்களின் அனுபவங்கள் ஏட்டில் ஏறாமல் போவதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மாநாட்டுக்கு முதன்முறையாகப் போகும் ஒரு தமிழருக்கு, ஆங்கிலேயர் ஒருவரின் 1955ஆம் ஆண்டுப் பயணத்தைவிட, சிங்கப்பூர்த் தேக்காவிலிருந்து கிளம்பிய இன்னொரு தமிழரின் சென்ற ஆண்டுப் பயணம் அதிகம் உதவும்.

மூன்றாவது வகை, மாநாடுகள் தாங்களே நடத்தும் உதவி நிதிகள். அண்மைக்கால வேர்ல்ட்கான்கள் சில, உள்ளூர் ரசிகர்களுக்கும் தொலைதூர நாட்டினருக்கும் முதன்முறை வருபவர்களுக்கும் என்று தனித்தனியே நிதி ஒதுக்கின. இவை அந்தந்த ஆண்டுக் குழுவின் கையில் இருப்பதால் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒன்றைப் பற்றிச் சொல்வது இன்னொன்றுக்குப் பொருந்தாது. எங்கள் வாசகர் குழுவில் இருக்கும் ஒரு தம்பி, ஜூரோங்கில் ஒரு தொழிற்கூடத்தில் மின்பராமரிப்பு வேலை பார்ப்பவர், அப்படி ஒரு நிதிக்கு விண்ணப்பித்தபோது உடனிருந்து பார்த்தேன். அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினோம். விமானச் சீட்டுக்கு எவ்வளவு, அறைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, இதில் நீங்கள் எவ்வளவு ஏற்பீர்கள் என்று நான்கு கட்டங்கள். சாப்பாட்டுக் கட்டத்தில் அவர் சுழியம் போட்டார். ஏன் என்று கேட்டேன். "அக்கா, சாப்பாட்டுக்கெல்லாம் போய் அவங்ககிட்ட காசு கேக்கலாமா? புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்துட்டுப் போயிடுவேன்," என்றார்.

அந்தச் சுழியத்தை அழித்துவிட்டு உள்ளபடியான தொகையை எழுதச் சொன்னேன். கூச்சப்பட்டுக் குறைத்து எழுதுவது நல்ல குணமாகத் தோன்றலாம். ஆனால் நிதி நடத்துபவர்கள் எவ்வளவு தேவை என்பதைத் தெரிந்துகொள்ள வைத்திருக்கும் கேள்வி அது, அதற்கு உண்மையான பதில்தான் அவர்களுக்கு உதவும். விண்ணப்பத்தின் மொழி தெளிவாகவும் மரியாதையாகவும் இருந்தது; சம்பளச் சீட்டையோ வங்கிக் கணக்கையோ கேட்கவில்லை; தேவை இருக்கிறது என்று அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். நுழைவு உரிமையும் பயணச் செலவில் ஒரு பங்கும் கிடைத்தன.

குறை அதற்குப் பிறகு வந்தது. பயணப் பங்கை மாநாடு முடிந்து ரசீதுகளை அனுப்பிய பின்னரே தருவோம் என்றார்கள். ஆகவே சீட்டுக்கான முழுத் தொகையையும் அவர் முதலில் தம் கடன் அட்டையில் போட வேண்டியதாயிற்று. திரும்பி வந்து பணம் கைக்கு வரும்வரை வட்டியும் அவருடையதே. உதவி தேவைப்படும் ஒருவரிடம் முதலில் நீயே செலவழி, பிறகு தருகிறேன் என்று சொல்வது உதவியின் அடிப்படையையே பலவீனப்படுத்துகிறது. தன்னார்வலர்கள் நடத்தும் குழுக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இருப்பதை நான் உணர்கிறேன். ஆனாலும் விமானச் சீட்டை மட்டுமாவது அவர்களே நேரடியாக வாங்கித் தருவது முடியாத காரியமல்ல. எந்த நிதிக்கு விண்ணப்பித்தாலும், பணம் முன்னால் வருமா பின்னால் வருமா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள் என்பதே நான் தரும் ஆலோசனைகளில் தலையாயது.

விசாவும் இதனுடன் சேர்ந்தது. சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்கு இணையவழி முன் அனுமதி பெற்றாலே போதும். ஆனால் நம் வாசகர் கூட்டங்களில் பாதிப் பேர் இந்தியக் கடப்பிதழுடன் வேலை அனுமதியிலோ நிரந்தரவாசியாகவோ இருப்பவர்கள். அவர்களுக்கு விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே நாளாகும் காரியம். உதவி கிடைத்ததற்கான கடிதம் அந்த நேர்காணலில் கைகொடுக்கும் என்பதால், மாநாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பு முடிவை அறிவிக்கும் நிதி இவர்களுக்குப் பயன்படாது. நிதி நடத்துபவர்களிடம் இதை எடுத்துச் சொன்னால், விசா தேவைப்படும் விண்ணப்பங்களை முன்கூட்டியே பரிசீலிக்க வழி பிறக்கலாம்; கேட்காதவர்களுக்காக யாரும் விதியை மாற்றப் போவதில்லை.

கொடுப்பவராகவும் நாம் இந்த நிதிகளுக்குள் நுழையலாம். டாஃப் அறிக்கைகளைப் பதிவிறக்கிப் படிப்பவர்கள் அதற்கு ஈடாக ஐந்து பத்து வெள்ளி அனுப்பலாம். கான் ஆர் பஸ்ட் நன்கொடையை ஏற்கிறது. 2020இல் வெல்லிங்டனில் நடக்கவிருந்த வேர்ல்ட்கான் பெருந்தொற்றால் முழுக்க இணையத்துக்கு மாறி, ரசிகர் நிதிப் பயணங்கள் தள்ளிப்போன காலத்திலும் இந்த நிதிகள் கலைந்துவிடாமல் நின்றதற்கு, சிறு தொகை தந்த பலரே காரணம்.

அடுத்ததாக, 1968இல் ஷிபானோவுக்கு நடந்ததைப்போல ஒரு வசூலை நம் வட்டத்துக்குள் நடத்தலாம் என்பது என் உறுதியான கருத்து. 2027இல் வேர்ல்ட்கான் கனடாவின் மான்ட்ரியாலில் நடக்கிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் நாடு அது. டொராண்டோவிலோ மான்ட்ரியாலிலோ தங்குவதற்கு வீடு கிடைக்காமல் போகாது. தமிழில் அறிவியல் புனைகதை படித்து, அதைப் பற்றித் தொடர்ந்து பேசியும் எழுதியும் வரும் ஒரே ஒருவரை அனுப்பினால் போதும். அவரை நன்கொடையாளர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், யாரும் தகுதியில்லை என்று தோன்றினால் பணத்தை வைத்திருக்கும் தேர்வும் சீட்டில் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் தெருவிலும் வீடுவீடாகவும் பணம் திரட்ட உரிமம் தேவை என்பதால், வசூலை ஒருவரையொருவர் அறிந்த வாசகர்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது. சீட்டுப் பணத்தை முன்னதாகவே கையில் கொடுத்துவிட வேண்டும். திரும்பி வந்தவர் தமிழில் பயண அறிக்கை எழுதித் தர வேண்டும். அதற்குக் காலக்கெடு ஓராண்டு போதும். இந்த ஏற்பாட்டுக்கு முதல் நூறு வெள்ளியை நான் தருகிறேன். கணக்கை எழுதி வைக்க ஒருவர் முன்வந்தால், ஏப்ரலில் தமிழ் மொழி விழா நடக்கும்போது கூடிப் பேசி வேட்பாளர் பெயர்களைக் கேட்கத் தொடங்கிவிடலாம்.